சர்ஸியின் கேஸ் ஷீட்

கொஞ்சம் நீளமான த்ரெட். பாதி புத்தகம், பாதி மருத்துவம். நேரம் இருக்கிறவங்க டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

மேடலின் மில்லர் எழுதி 2018ல் வெளிவந்த 'சர்ஸி' நாவலை நைட் டூட்டிகளுக்கு நடுவுல படிச்சு முடிச்சேன். கிரேக்கப் புராணத்துச் சூனியக்காரி தன் கதையைத் தானே சொல்ற நாவல்.

மூலக்கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஹோமரின் 'ஒடிஸி'யில் பத்தாவது காண்டம். டிராய் போர் முடிந்து ஊர் திரும்பும் ஒடிஸியஸின் கப்பல் ஒரு தீவில் ஒதுங்குகிறது. வேவு பார்க்கப் போன ஆட்களை சர்ஸி கூப்பிட்டு விருந்து வைக்கிறாள். அதில் மருந்தைக் கலந்து, கோலால் தட்டி, பன்றிகளாக்கிப் பட்டியில் அடைத்துவிடுகிறாள். உடம்புதான் பன்றி, புத்தி மனுஷ புத்தியாவே இருக்கு. ஒடிஸியஸ் மட்டும் ஒரு மாற்று மூலிகையோட போய், வாளை உருவி அவளைப் பணிய வைக்கிறான்.

இங்க டாக்டர் புத்தி கொஞ்சம் எட்டிப் பார்க்குது, பொறுத்துக்கோங்க. அந்த மூலிகை பேரு மோலி. கறுப்பு வேர், பால் நிறப் பூ. அது ஸ்னோட்ராப் செடியா இருக்கலாம்னு 1983ல் இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் எழுதினாங்க. சர்ஸி கொடுத்தது ஊமத்தை வகையா இருந்தா, ஸ்னோட்ராப்ல இருக்கிற கேலன்டமின் அதை முறிக்கும். ஊமத்தங்காய் கேஸைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும்: விரிஞ்ச கண்மணி, வறண்ட வாய், இல்லாததைப் பிடிக்கத் துழாவுற கை. அதே கேலன்டமினைத்தான் இன்னைக்கு அல்சைமர் நோயாளிகளுக்கு எழுதித் தர்றோம். நிரூபிக்க முடியாத யூகம்தான். ஆனா எனக்குப் பிடிச்ச யூகம்.

சரி, கதைக்கு வர்றேன். மருந்து என்ன, அறிகுறி என்ன, முறிவு என்ன, எல்லாம் ஹோமர்கிட்ட இருக்கு. ஏன் செஞ்சா? அது மட்டும் இல்லை. கேஸ் ஷீட்ல ஹிஸ்டரி காலம் காலியா இருக்கு.

மில்லர் அந்தக் காலத்தைத்தான் நிரப்புறாங்க. தீவுக்கு முதல்ல வந்த மாலுமிகளை சர்ஸி நம்பித்தான் உள்ளே விடுறா. பசியோட வந்தவங்க, பாவம்னு சாப்பாடு போடுறா. அவங்க தலைவன் விசாரிக்கிறான்: வீட்ல புருஷன் இல்லையா, அப்பா இல்லையா? யாரும் இல்லைன்னு தெரிஞ்சதும் என்ன நடக்கும்னு நான் விவரிக்க வேண்டாம். அவன் கை தொண்டையை அழுத்தும்போது மந்திரம் சொல்ல அவளுக்குக் குரல் வரலை. பன்றிகள் அதுக்கு அப்புறம்தான்.

அந்த இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ கேஷுவால்டியில பார்த்த ஒரு அம்மா ஞாபகம் வந்துட்டாங்க.

இடது முன்கையில் எலும்பு முறிவு. 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்'னு கணவர் சொன்னார். எக்ஸ்ரேல அல்னா எலும்பு மட்டும் நடுவுல உடைஞ்சிருந்தது. வழுக்கி விழுறவங்க கையை ஊன்றுவாங்க, பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும். அல்னா நடுவுல தனியா உடைஞ்சா, அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினாங்களான்னு யோசிக்கணும். இது பாடத்துல இருக்கு. எனக்குத் தெரியும். பரீட்சையில கேட்டிருந்தா எழுதியிருப்பேன்.

கணவர் மாத்திரை வாங்கப் போன ரெண்டு நிமிஷம் நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். அவங்க என்னைப் பார்த்தாங்க. 'சரியாயிடுமா சார்?' ஆறு வாரத்துல சரியாயிடும்மான்னு சொல்லிட்டு, 'தவறி விழுந்ததாகச் சொல்கிறார்'னு எழுதினேன். சொன்னது அவங்க இல்லை. எழுதினது நான். வெளியே பத்து பேர் காத்திருந்தாங்கன்னு இவ்வளவு வருஷமா எனக்கே சொல்லிட்டு இருக்கேன்.

புத்தகத்துல குறை இல்லாம இல்லை. புராணத்துல இருக்கிற அத்தனை பேரும் வரிசையா வந்து தலைகாட்டிட்டுப் போறாங்க, நடுவுல சில இடம் இழுக்குது. ஆனா பிரசவக் காட்சிகளுக்காகவே என் மகப்பேறு நண்பர்கள் படிக்கணும். துணைக்கு யாரும் வராம, சர்ஸி தன் வயித்தைத் தானே கீறிக் குழந்தையை எடுப்பா. தெய்வப் பெண், பிழைச்சுக்குவா, கதைதானேன்னு நினைக்காதீங்க. 2000ல் மெக்சிகோவில் மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தர் சமையல் கத்தியால இதையே செஞ்சு, தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. மருத்துவ இதழில் பதிவான கேஸ். அதுக்கு முந்தின பிரசவத்துல அவங்க குழந்தையை இழந்தவங்க. எவ்வளவு பயந்திருந்தா அந்தக் கத்தியை எடுத்திருப்பாங்க?

இப்போ காயத்தோட வர்ற பெண்கள்கிட்ட ஒண்ணு செய்றேன். கூட வந்தவரை 'பில் கட்டிட்டு வாங்க'ன்னு அனுப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, 'வீட்ல யாராவது அடிக்கிறாங்களாம்மா?'ன்னு நேராவே கேட்டுடுவேன். பல பேர் இல்லைன்னுதான் சொல்வாங்க. 181 எண்ணை மருந்துச் சீட்டுல எழுதாம வாயால சொல்லி அனுப்புவேன். சீட்டை வீட்ல வேற யாராவது பார்ப்பாங்க.

போன வாரம் ஒருத்தங்க பதிலே சொல்லலை. எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்து உட்கார்ந்தாங்க.