எங்கள் ஏலமும் காலியாக நின்ற கட்டமும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் கரிசல் மைதானத்தில் கால் வைக்க முடியாது. ஓர் எட்டு எடுத்து வைத்தால் ஷூவின் அடியில் ஒரு கிலோ மண் அப்பிக்கொள்ளும். ஹாக்கி மட்டையைத் தொடாமலே பி.டி. பீரியட் கழிந்துவிடும். அப்படிக் கழிந்த ஒரு நாளில்தான் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் அணி முதலாளிகள் ஆனோம்!

2024 அக்டோபர் 15 அன்று டில்லியில், பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீகுக்கு முதன்முதலாக ஏலம் நடந்தது. மொத்தம் நான்கே அணிகள். ஓர் அணிக்கு 2 கோடி ரூபாய். ஆண்கள் லீகில் தமிழ்நாடு டிராகன்ஸ் உண்டு. பெண்கள் லீகில் நம் மாநிலத்தின் பெயரில் ஓர் அணியும் இல்லை. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் பயிற்சி பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதைச் சும்மா விடலாமா? வகுப்பிலேயே முல்லை, மல்லிகை, தாமரை, அல்லி என்று நான்கு அணிகள் பிறந்தன.

விதிகள் எளியவை. டில்லியில் போன விலைதான் எங்களுக்கும் விலை. ஆளுக்கு 2 கோடி. 16 பேர் எடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசைப்படி எடுப்போம். ஜனவரியில் லீக் நடக்கும்போது கோலுக்கு இத்தனை, கோல் விடாத கீப்பருக்கு இத்தனை என்று மதிப்பெண்.

முல்லையாகிய எங்களுக்கு இரண்டாம் சீட்டு. முதல் சீட்டு மல்லிகைக்கு விழுந்ததால், ஏலத்திலேயே அதிக விலையான 32 லட்சத்துக்குப் போன உதிதா அவர்களிடம் போய்விட்டார். (ஆண்களில் முதல் விலை 78 லட்சம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.) நாங்கள் கலங்கவில்லை. நெதர்லாந்தின் யிப்பி யான்சனை 29 லட்சத்துக்கு எடுத்தோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 9 கோல் போட்டுத் தங்கம் வென்றவர். அடுத்தடுத்த சுற்றுகளில் லால்ரெம்சியாமி 25, சுனேலிதா டோப்போ 24, சங்கீதா குமாரி 22. கூட்டிப் பார்த்தால் நான்கு பேருக்கே ஒரு கோடி! டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த வந்தனா கட்டாரியாவை 10½ லட்சத்துக்கு விட மனம் வருமா? அவரும் வந்தார். மீதியில் இன்னும் பத்துப் பேர். கையில் 2 லட்சம் மிச்சம்.

மழை விட்ட மறுநாள் நோட்டை வைத்துக்கொண்டு அணியை ஆராய்ந்தோம். முன்களத்தில் ஆள் நெருக்கடி. பெனால்டி கார்னர் கிடைத்தால் யிப்பி இருக்கிறார், கவலையில்லை. நடுக்களம் சுமார். பின்களம் அதைவிடச் சுமார். கோல் போட ஐந்து பேர் முண்டியடிக்கும் அணியில் பந்தைப் பறித்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. இருந்தாலும் எங்கள் அணிதான் அழகு என்று எங்களுக்குத் தோன்றியது.

பி.டி. டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் சரி, கோலில் யார் நிற்கிறா?" என்றார்.

பதினாறாவது கட்டம் காலியாக இருந்தது. தாமரை முதல் சுற்றிலேயே 20 லட்சத்துக்குச் சவிதாவை எடுத்தபோது சிரித்தவர்கள் நாங்கள். டோக்கியோ காலிறுதியில் ஆஸ்திரேலியாவை ஒரு கோல்கூடப் போடவிடாமல் நின்ற சவிதாவை!

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எங்களிடையே கோல்கீப்பர் ஒருத்தி உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அவள்தான் நின்றாள். ஆகஸ்டில் ஒரு பள்ளியோடு ஆடி நான்கு கோல் வாங்கித் தோற்றோம். திரும்பி வருகையில் பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. மறு வாரம், "பொதுப் பரீட்சை வருது, இனி வரலை" என்றாள். நாங்களும் நம்பியதுபோல் இருந்துவிட்டோம். அதன்பின் தாமதமாக வருகிறவளுக்குத் தண்டனையாகப் பேட் மாட்டிவிடுவது வழக்கமாயிற்று.

அன்று சாயங்காலம் நோட்டோடு அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கடலைமிட்டாய் கொடுத்து, "படிக்கத்தானே வந்தீக தாயி?" என்றார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அவள் நோட்டைப் புரட்டினாள். "நாலு கோல்ல மூணு, நீங்க எல்லாரும் முன்னால ஓடிப்போய் நின்னதால வந்துச்சு. அஞ்சு வருஷத்துல பேட்டோட பின்வாரை இழுத்து மாட்ட ஒருத்தியாச்சும் வந்தீங்களா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காலிக் கட்டத்தில் அவள் பெயரை எழுதி, இருந்த 2 லட்சத்தைப் போட்டுக் கொடுத்தோம். அவள் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, 32 லட்சம் என்று எழுதினாள். உதிதாவுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் வரமாட்டாளாம். வேறு வழி? சங்கீதாவையும் வந்தனாவையும் விடுவித்தோம். மறுநாளே அல்லிக்காரிகள் இருவரையும் கொத்திக்கொண்டு போனார்கள்.

2025 ஜனவரி 26 அன்று ராஞ்சியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒடிசா வாரியர்ஸ் 2-1 என்று சூர்மா அணியை வென்றது. இரண்டு கோலும் ருதுஜா பிசால் போட்டவை. எங்கள் நான்கு நோட்டுகளில் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை! யிப்பியின் அணி கோப்பை வாங்கியும், மதிப்பெண்ணில் முல்லைக்குக் கடைசி இடம்.

மறுநாள் மைதானம் நன்றாகக் காய்ந்திருந்தது. அவள் பேட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பின்வாரை மாட்ட ஐந்து பேரும் குனிந்ததில் எங்கள் தலைகள் முட்டிக்கொண்டன.