ஆறாவது இன்னிங்ஸும் என் கட்டைவிரலும்

'எம்எல்பி தி ஷோ' என்ற பேஸ்பால் வீடியோ விளையாட்டில் பந்தை எறிய ஐந்து வழிகள் உண்டு. கிளாசிக், பல்ஸ், மீட்டர், ப்யூர் அனலாக், பின்பாயிண்ட். எதை எடுத்துக்கொண்டாலும் அதே பிட்சர்தான், அதே மைதானம்தான். ஆனாலும் இந்த ஒரு தேர்வில் நான் ஒரு குளிர்காலம் முழுவதையும் செலவழித்தேன். வீணாகப் போன காலம் என்று இன்றுவரை தோன்றவில்லை.

வேலை நிமித்தமாகப் பிட்ஸ்பர்க்கில் சில வருடங்கள் இருந்தோம். ஆற்றங்கரையில் பைரேட்ஸ் அணியின் மைதானம். பள்ளித் தோழர்களோடு அங்கே போய்வந்த மகன்தான் எனக்குப் பேஸ்பாலைக் கற்றுக்கொடுத்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் விசித்திரமாகத் தெரிவது, பிட்சர் ஓடி வருவதில்லை என்பதுதான். மேட்டின் மேல் பதித்த ரப்பர் பட்டையில் ஒரு காலை வைத்து, நின்ற இடத்திலிருந்தே எறிகிறான். பந்து தரையில் குத்தி எழுவதும் கிடையாது. 60 அடி 6 அங்குலம் தாண்டி, 17 அங்குல அகலமுள்ள தட்டின் மேலாகப் போக வேண்டும். மணிக்கு 95 மைல் வேகத்தில் வந்தால் பேட்டருக்குக் கிடைப்பது அரை நொடிக்கும் குறைவான நேரம். கிரிக்கெட் பிட்ச் நமக்குப் பவுன்ஸையும் டர்னையும் தருவதுபோல அங்கே எதுவும் தராது. எல்லாமே விரல்கள் தையலைப் பிடிக்கும் விதத்திலும், பந்து கையை விட்டுப் பிரியும் அந்தக் கணத்திலும்தான்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. என்ன பந்து, எந்த மூலையில் என்று முடிவு செய்வது ஒன்று. முடிவு செய்த இடத்துக்குக் கை அதை அனுப்புவது இன்னொன்று. நிஜ ஆட்டத்தில் முதல் வேலையின் பெரும்பங்கு கேட்சருடையது. தட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, விரலால் சைகை காட்டுவார். 2022 முதல் பொத்தான் அழுத்திக் காதில் கேட்கவைக்கும் கருவியும் வந்துவிட்டது. பிட்சர் தலையசைத்தால் சரி, மறுத்தால் வேறொன்று. இரண்டாவது வேலை பிட்சருடையது, அவருடையது மட்டுமே. வீடியோ விளையாட்டின் ஐந்து வழிகளும் இந்த இரண்டு வேலைகளை வெவ்வேறு விகிதத்தில் நம் கையில் கொடுக்கின்றன என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது.

கிளாசிக்கில் பந்து வகையைத் தேர்ந்து, இடத்தைக் குறித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. மிச்சத்தைப் பிட்சரின் திறனும் களைப்பும் தீர்மானிக்கும். இதைக் குழந்தைகளுக்கான வழி என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிளாசிக்கில் ஆடுகிறவர் உண்மையில் கேட்சர். சைகை காட்டுகிறார், கையுறையை ஓரிடத்தில் நீட்டுகிறார், பந்து அங்கே வருமா என்று காத்திருக்கிறார். அது பேஸ்பாலின் மூளைப் பகுதி. பல்ஸ் இதற்கு அடுத்த படி. குறித்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும், மிகச் சிறிதாகும்போது அழுத்த வேண்டும். ப்யூர் அனலாக்கில் வலது ஸ்டிக்கைக் கீழே இழுத்து, கோட்டைத் தொடும்போது மேலே தள்ள வேண்டும். கை சுழன்று வருகிற உணர்வு கொஞ்சம் கிடைக்கும். என் கைக்கு அது ஒருபோதும் படியவில்லை.

மீட்டர் பழைய முறை. மூன்று அழுத்தம். முதல் அழுத்தத்தில் அளவுகோல் ஏறத் தொடங்கும். உச்சியில் இரண்டாவதை அழுத்தினால் வேகம். அங்கிருந்து திரும்பி வரும்போது கோட்டின் மேல் மூன்றாவதை அழுத்தினால் குறி. உச்சியைத் தாண்டி அழுத்தினால் வேகம் கூடும், ஆனால் குறி நழுவும். இந்த ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பேர் தளத்தில் நிற்க, அவுட் ஆக்கியே தீர வேண்டும் என்று உடம்பு முழுவதையும் போட்டு எறிகிற பிட்சருக்குப் பந்து மேலே எழும்பிப் போகுமே, அந்தப் பேராசையையும் அதற்கான விலையையும் ஒரு சின்ன அளவுகோலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

பின்பாயிண்ட் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. ஒவ்வொரு வகைப் பந்துக்கும் ஓர் உருவம் திரையில் தோன்றும். அதை வலது ஸ்டிக்கால், காட்டும் வேகத்திலேயே வரைய வேண்டும். கடைசியில் சரியான கணத்தில், சரியான கோணத்தில் ஸ்டிக்கைத் தள்ளிப் பந்தை விட வேண்டும். வரைந்தது எத்தனை சதவீதம் சரி, விட்ட நேரம் எப்படி, கோணம் எப்படி என்று மூன்றுக்கும் மதிப்பெண் வரும். மூன்றும் கூடிவந்தால் மற்ற வழிகளில் கிடைக்காத துல்லியம் கிடைக்கும். அப்போதும் பந்து ஒரு புள்ளியில் விழாது, ஒரு சிறு வட்டத்துக்குள் எங்காவது விழும். நல்ல பிட்சருக்கு வட்டம் சிறியது. களைத்தால் விரியும்.

துல்லியம் என்ற சொல்லில் நான் மயங்கினேன். மகன் முதல் வாரத்திலேயே பின்பாயிண்டுக்கு மாறிவிட்டான். நானும் மாறினேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பயிற்சித் திரையின் முன் உட்கார்ந்து, பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் பந்தின் உருவத்தை நூறு தடவை, நூற்றைம்பது தடவை வரைந்தேன். ஒரு மாதத்தில் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினேன். பிறகு அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆனாலும் தோற்றுக்கொண்டே இருந்தேன். முன்பு மீட்டரில் ஆடியபோது ஜெயித்த அளவுகூட ஜெயிக்கவில்லை.

காரணம் ஒரு சனிக்கிழமை தெரிந்தது. ஆறாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மகன் பேட்டிங். அவனுடைய இடக்கைப் பேட்டர் நிற்கிறார். நான் வேகப்பந்தின் உருவத்தை வரைந்தேன். திரையில் 98 சதவீதம், நேரம் சரி, கோணம் சரி. குறித்த இடத்துக்குப் பந்து அப்படியே போனது. மகன் அதை மைதானத்தின் வலது பக்க மதிலுக்கு வெளியே அனுப்பினான்.

"அப்பா, மூணு தடவையும் அதே பந்தை அதே இடத்துலதான் போட்டீங்க. நான் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

அவன் சொன்னது உண்மை. அந்தப் பேட்டர் அதற்கு முன் என்ன செய்தார், தாழ்வான ஸ்லைடருக்கு எத்தனை முறை வீணாக மட்டையைச் சுழற்றினார், எதையும் நான் கவனித்திருக்கவில்லை. என் கவனம் முழுவதும் என் கட்டைவிரலில் இருந்தது. வேகப்பந்தின் உருவம் எனக்கு எளிதாக வந்தது. அதனால் அதையே எறிந்துகொண்டிருந்தேன். கை தனக்கு வசதியானதைத் தேர்ந்துகொண்டிருந்தது, நான் அதற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு ஸ்டீவ் பிளாஸின் நினைவு வந்தது. பிட்ஸ்பர்க்கில் கொஞ்ச காலம் இருந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. 1971 உலகத் தொடரில் பைரேட்ஸுக்காக இரண்டு ஆட்டங்களை வென்றவர். இரண்டிலும் ஒன்பது இன்னிங்ஸும் அவரே எறிந்தார். ஏழாவது, இறுதி ஆட்டத்தில் பால்டிமோரை 2-1 என்று முடித்தார். 1972-இல் 19 வெற்றிகள். 1973-இல் பந்து அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. 88 இன்னிங்ஸும் சொச்சமும் எறிந்ததில் 84 வாக், அதாவது குறி தவறிய நான்கு பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கொடுத்த முதல் தளம். கை நன்றாக இருந்தது, தோள் நன்றாக இருந்தது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. எத்தனையோ வழிகளை முயன்றும் குறி திரும்பி வரவில்லை. 1975-இல் ஓய்வுபெற்றார். காரணமின்றிக் குறியை இழக்கும் பிட்சர்களின் நிலைக்கு அமெரிக்காவில் இன்றும் அவர் பெயரையே வைத்துச் சொல்கிறார்கள். 2000-இல் அதே நிலைக்கு ஆளானபோது செயின்ட் லூயிஸ் அணியின் ரிக் ஆங்கீலுக்கு 21 வயது. பிளேஆஃப் ஆட்டம் ஒன்றின் ஒரே இன்னிங்ஸில் கேட்சரைத் தாண்டிப் போகும் பந்துகள் ஐந்தை எறிந்தார். பிட்சராக அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பிறகு மட்டையைப் பிடித்து, 2007-இல் அவுட்ஃபீல்டராக மறுபடி வந்தார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இவர்களுடைய துயரத்தை வரவேற்பறையில் கன்ட்ரோலரைப் பிடித்திருந்தவனின் தோல்வியோடு நான் ஒப்பிடவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. கைக்குத் தானாகத் தெரிந்த ஒன்றை மனம் எட்டிப் பார்த்து மேற்பார்வையிடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டு பெயர்களும் எனக்குச் சொல்லின. நான் செய்தது அதற்கு நேர்மாறு. கைக்கு இன்னும் பழகாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதை மேற்பார்வையிட மனம் முழுவதையும் அனுப்பிவிட்டேன். பேட்டரைப் பார்க்க ஆளில்லை.

மறு பக்கத்தில் கிரெக் மேடக்ஸ் என்ற பிட்சர் இருக்கிறார். 1997-இல் 232 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து அவர் கொடுத்த வாக் வெறும் 20. அதிலும் ஆறு, வேண்டுமென்றே கொடுத்தவை. ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் 355 வெற்றிகள். அவருடைய பந்தில் அச்சமூட்டும் வேகம் இல்லை. அவரைப் பற்றி அவரோடு ஆடியவர்கள் சொல்வதெல்லாம், பேட்டரின் கால் எங்கே நிற்கிறது, போன பந்துக்கு மட்டை எவ்வளவு முன்னால் வந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பார் என்பதுதான். கை வேலை முடிந்துபோன விஷயமாக இருந்ததால்தான் கண்ணுக்கு அவ்வளவு ஓய்வு இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் மீட்டருக்குத் திரும்பினேன். முதல் இரண்டு ஆட்டங்களில் மூன்றாவது அழுத்தம் தப்பியது. பிறகு விரல் பழைய தாளத்தை நினைவுகூர்ந்தது. அதன்பின் மகனுடைய பேட்டர்கள் எனக்குத் தெரியத் தொடங்கினார்கள். இவர் முதல் பந்துக்கே சுழற்றுவார், இவரிடம் இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு மாற்றுப்பந்தைத் தாழ்வாகப் போட்டால் ஏமாறுவார் என்று. மகன் இன்றும் பின்பாயிண்ட்தான். அவன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உருவத்தை அவன் பார்ப்பதே இல்லை. கட்டைவிரல் தன்பாட்டுக்கு வரைகிறது, கண் பேட்டரின் மேல் இருக்கிறது. அவனுக்குப் பின்பாயிண்ட் சரியான வழி. எனக்கும் இன்னும் இரண்டு வருடம் உழைத்தால் அது சரிவரலாம். ஆனால் அந்த இரண்டு வருடமும் நான் பேஸ்பால் ஆட விரும்புகிறேன்.

எந்த வழி சிறந்தது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் பின்பாயிண்ட். துல்லியத்தை மட்டும் அளந்தால் அது சரியான பதில்தான். நான் வேறொன்றை அளக்கச் சொல்வேன். பயிற்சித் திரையில் வரும் சதவீதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு முழு ஆட்டம், ஒன்பது இன்னிங்ஸும் ஆடுங்கள். ஆறாவது இன்னிங்ஸில் பிட்சர் களைத்திருப்பார், எதிரணியின் வரிசை மூன்றாவது முறையாகச் சுற்றி வந்திருக்கும். அப்போது ஒரு நிமிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இப்போது நிற்கும் பேட்டர் போன முறை எந்தப் பந்தில் எப்படி அவுட் ஆனார் என்று உங்களையே கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அந்த வழியிலேயே இருங்கள். முடியாவிட்டால், கூச்சப்படாமல் ஒரு படி எளிதான வழிக்கு இறங்கி, அடுத்த ஆட்டத்தைத் தொடங்குங்கள்.