பாளையத்து மாலை

அலுவல் முடிந்த மாலைகளில் திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்திலிருந்து பாளையம் வரை நடந்து செல்வது என் வழக்கம். திவான் மாதவராவின் சிலையையும், 1869இல் திறக்கப்பட்ட தலைமைச் செயலகத்தையும், அதன் வாயிலில் ஓயாது ஒலிக்கும் கோஷங்களையும் கடந்தால் பாளையம். கணபதி கோயிலும் மசூதியும் பேராலயமும் அங்கே அண்டை வீட்டாரைப்போல் அருகருகே நிற்கின்றன. பக்கத்திலேயே, 1957இல் தியாகிகளுக்காக எழுப்பிய இரத்தசாட்சி மண்டபம்.

ஒரு நாள் மாலை, உடன் பணிபுரியும் மலையாள நண்பர் ஒருவரோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். பேச்சு அயல்நாட்டுப் போர்களைப் பற்றித் திரும்பியது. 2021 மே மாதத்தில், இஸ்ரேலின் அஷ்கெலோன் நகரில் பணிபுரிந்த இடுக்கிப் பெண்ணொருவர் ராக்கெட் வீச்சில் மாண்டார். இரங்கல் கூறிய தலைவர்களுள் சிலர், ஏவியவர் யாரென்பதைச் சொல்லத் தயங்கினர் என்று அப்பொழுது குறை எழுந்தது. 2023 இறுதியில் காஸாவில் மாண்டோர்க்காகப் பெருங்கட்சிகள் கோழிக்கோட்டில் தனித்தனியே பேரணி நடத்தின. வேறிடங்களிலோ, இஸ்ரேலியர்க்கு இரங்கிய வாயால் காஸாவின் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறாத தலைவர்கள் உண்டு.

“எல்லோருக்கும் அழுகிறார்கள், முள்ளிவாய்க்காலுக்கு இவ்வூரில் யார் அழுதார்?” என்று நான் மனம் பொறாது கேட்டேன். 2009இல் முடிந்த அப்போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறியதன்றோ?

நண்பர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, “அண்ணா, காத்தான்குடிக்கு நீங்கள் அழுததுண்டா?” என்றார்.

நான் விடையற்று நின்றேன். அன்றிரவு அதைத் தேடிப் படித்தேன். 1990 ஆகஸ்டு 3ஆம் நாள், மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில், இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பழி விடுதலைப் புலிகள் மீது விழுந்தது, அவர்கள் மறுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற்றியவர்களோ ஐயமின்றிப் புலிகளே. மாண்டவரும் அகன்றவரும் பேசிய மொழி நம் தமிழே. ஆயினும் நம் அஞ்சலிக் கூட்டங்களில் அவர்கள் நினைவைக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அரசியல்வாதி வாக்கை எண்ணிக் கண்ணீரை அளக்கிறான் என்று நாம் ஏசுகிறோம். நாம் எதை எண்ணி அளந்தோம்? முள்ளிவாய்க்காலின் துயரம் இதனால் ஓர் அணுவும் குறைந்துவிடாது. நாமும் நேர்மையோடு நினைத்தால்தான், “எங்களை ஏன் மறந்தீர்கள்?” என்று பிறரைக் கேட்கும் உரிமை நமக்கு முழுமையாகும்.

வரும் மே 18 அன்று நம் சங்கத்தில் தீபம் ஏற்றுகையில், காத்தான்குடிக்கும் ஒரு விளக்கு வைக்க வேண்டுமென்று செயற்குழுவை வேண்டுகிறேன். எண்ணெய்ச் செலவு என்னுடையது.