பருத்தித்துறையிற் பசியாறினோம்

கடற்பயணம் செய்வோர்க்கு இருவகை விருந்துண்டு. ஒன்று கப்பலிற் கிடைப்பது. மற்றது கரையிற் கிடைப்பது. உல்லாசக் கப்பலின் போசனசாலையிற் பல தேசத்துப் பண்டங்களும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். விரும்பியதை விரும்பிய அளவு எடுத்துண்ணலாம். ஆயினும், கப்பல் எத்துறையை அடைந்தாலும் அவ்வுணவின் சுவை மாறுவதில்லை. ஊரின் சுவையை அறிய வேண்டுமாயின் கரையில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

2023 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பற் சேவையும் தொடங்கிற்று. போரினால் நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்த வடகரைக்கு இவை நற்செய்திகளே. இவ்வழியே வருவோரில் அநேகர் நல்லூரையும் நயினாதீவையும் நாடிச் செல்வர். நாமோ கரையோரமாகக் கிழக்கே ஏறக்குறைய 15 மைல் சென்று, காலைப் பசியுடன் பருத்தித்துறையை அடைந்தோம்.

முற்காலத்திற் பருத்தி ஏற்றப்பட்ட துறையாதலால் இப்பெயர் பெற்றதென்பர். வெளிச்சவீட்டைக் கண்டபின் ஓடக்கரைக்குச் சென்றோம். பெண்கள் தம் வீடுகளிலேயே தோசை சுட்டு விற்பது அங்கு நெடுநாள் வழக்கம். யாழ்ப்பாணத்துத் தோசையில் வெந்தய மணமும் தாளிதத்தின் வாசமும் சேர்ந்திருக்கும். கல்லிலிருந்து எடுத்த சூட்டுடன், செத்தல் மிளகாயிட்டு இடித்த சம்பலைத் தொட்டு உண்டோம். எத்தனை உண்டோம் என்பதை இங்கு எழுதாமல் விடுவதே நலம்!

அடுத்து, பெயர்பெற்ற பருத்தித்துறை வடை. வடை என்றதும் மெத்தென்ற உழுந்து வடையை நினைக்கலாகாது. ஊறிய உழுந்துடன் மாவும் மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய வட்டமாகத் தட்டி, மொறுமொறுவெனப் பொரிப்பர். தட்டை வடை என்றும் இதற்குப் பெயருண்டு. எம்முடன் வந்த சிறுமி முதலாவதைக் கடித்ததும் உறைப்பிற் கண் கலங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாவதற்குக் கை நீட்டினாள்.

மதியம் நண்பரொருவர் இல்லத்தில் ஒடியற் கூழ் காத்திருந்தது. பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியலாகும். அதன் மாவை நீரில் ஊறவிட்டு வடித்துக் கசப்பை நீக்கிய பின்பே கூழுக்குக் கரைப்பர். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பழப்புளி யாவும் அதிற் கலந்துவிடும். பனையோலைப் பிளாவிற் சுடச்சுட வார்த்துக் குடித்தபோது, கடலும் பனையும் ஒன்றாகி வந்தன போலிருந்தது.

வடை, ஒடியல், பனாட்டு, கருவாடு ஆகிய இவையனைத்துக்கும் ஓர் ஒற்றுமையுண்டு. ஈரம் நீக்கப்பட்டமையால் இவை எளிதிற் கெடமாட்டா. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், வெயிலையும் எண்ணெயையும் உப்பையும் துணைகொண்டு மக்கள் உணவைக் காத்தனர். மாலுமிகள் வாழ்ந்த கரைக்கு இத்தகைய உணவு எவ்வளவு பொருத்தமானது! அயலூராகிய வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பலொன்று 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை சென்றது. அதற்கு முன்னோர் இட்ட பெயர் ‘அன்னபூரணி’. அன்னமளிக்கும் அன்னையின் திருநாமம்!

கூழ் வார்த்த அம்மையார் விடைபெறும் வேளையில் ஒன்று சொன்னார்: “கூழ் காய்ச்ச எங்களுக்குத் தெரியும். பிள்ளையளுக்குக் குடிக்க மட்டுந்தான் தெரியும்.” சிரித்துக்கொண்டே சொன்னாராயினும் அதில் ஒரு கவலை இருந்தது. காய்ச்சத் தெரிந்த கைகள் ஓய்ந்துவிட்டால், குடிக்கத் தெரிந்தவர் என்ன செய்வர்?

கப்பலில் உணவு ஆயத்தமாயிருக்கிறதென்று விரைந்து திரும்பும் பயணியால் ஊருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஓடக்கரையில் நான்கு தோசை உண்பவரோ ஒரு குடும்பத்தின் அடுப்பெரிய உதவுகின்றார். கப்பலில் வருவோர் இதை மனத்திற் கொள்வாராக. ஊரிலிருக்கும் மாணவரோ அடுத்த விடுமுறையிற் பாட்டியாரின் அருகிலிருந்து, கூழ் காய்ச்சும் பக்குவத்தைக் கற்றுக்கொள்வாராக.