எனக்கு அல்ல

சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் திருமந்திரம்தான், 'ஓம் நமோ நாராயணாய'. நாராயணனுக்கு வணக்கம் என்பதே பொருள் என்றிருந்தேன். ஓய்வு பெற்றபின்தான் பிள்ளை லோகாசாரியரின் முமுக்ஷுப்படியைப் படித்தேன். நடுவிலுள்ள 'நம:' என்பதை 'ந', 'ம:' என்று இரண்டாகப் பிரித்துப் பொருள் சொல்வது வைணவ மரபு. 'ம:' எனக்கு, 'ந' அல்ல. ஜீவன் பெருமாளுக்கே உரியவன் என்கிறது ஓங்காரம். 'நான் எனக்கு உரியவன் அல்லன்' என்கிறது நம:. அவனுக்கே தொண்டு என்கிறது கடைசிச் சொல்.

நானே எனக்குச் சொந்தமில்லை என்றால், என்னுடையது என்று எதைச் சொல்வது?

அன்று மாலை வைகை அணைக்குப் போனேன். வருசநாட்டு மலைத் தண்ணீரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் சேர்ந்து 71 அடி வரை தேங்கும் அணை. தனக்கென்று தேக்குவதில்லை. சித்திரையில் மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கவும் இங்கிருந்துதான் திறந்துவிடுகிறார்கள்.

எனக்கோ ஒரு கிணற்றுப் பங்குக்காகத் தம்பியோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. அங்கே நின்றபடியே போன் போட்டேன்.

"வைகை அணையில நிக்கிறேன்டா" என்றேன்.

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "எத்தனை அடி தண்ணி கெடக்குண்ணே?"