வாசலில் துருத்தி நிற்கும் மூடி



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், தைப்பிங் வீடமைப்புப் பகுதிகளில் மணலும் சல்லிக்கல்லும் வந்து இறங்கும். வீட்டு முன்புறத்தில் கார் நிறுத்தும் தரையைப் புதுப்பிக்க இதுவே வாய்ப்பான காலம். அப்போது பல வீடுகளில் ஒரே சிக்கல் எழுகிறது. மலக்கழிவுத் தொட்டியின் மூடி தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். காரின் சக்கரம் ஏறி இறங்கும். முதியவர்களின் கால் தடுக்கும். அதை என்ன செய்வது என்பதையே இங்கு எழுதுகிறேன். இலக்கணம் எழுதுகிறவனுக்குக் கழிவுத் தொட்டியில் என்ன வேலை என்று முகம் சுளிக்க வேண்டா.

உண்மையில் மூடி உயர்வதில்லை, மண்தான் இறங்குகிறது. தொட்டி உறுதியான அடித்தளத்தின்மேல் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி நிரப்பிய மண் ஆண்டுகள் செல்லச் செல்ல அமிழ்ந்துபோகிறது. ஈயச் சுரங்கங்களால் உருவான ஊரில், தோண்டிப் புரட்டிய மண் இறங்குவதில் வியப்பில்லை. மூடியைச் சற்று உயர்த்திக் கட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மூடி தாழ்ந்திருந்தால் மழைநீர் தொட்டிக்குள் புகுந்து, அடியில் படிய வேண்டிய கசடைக் கலக்கி வெளியே தள்ளிவிடும். ஆகவே துருத்தி நிற்கும் மூடியை வெறும் இடையூறு என்று தள்ளிவிட இயலாது.

எங்கள் வீட்டு வேலைக்கு வந்த குத்தகையாளர் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். பார்த்ததும், "வாத்தியாரே, மேலேயே சிமெண்டு ஊத்தி ஓடு பதிச்சிட்டா வாசல் ஒரே சீரா இருக்கும். கீழே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"கசடு எடுக்க வர்றவங்களுக்குத் தெரிய வேணாமாண்ணே?" என்றேன். சிரித்தார். "பத்துல ஏழு வீட்ல அப்படித்தான் செய்யச் சொல்றாங்க" என்றார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் 1994 முதல் கழிவுநீர்ப் பணிகளைக் கவனித்துவரும் இண்டா வாட்டர் நிறுவனம், தனித்தொட்டி உள்ள வீடுகளில் ஈராண்டுக்கு ஒருமுறை கசடை அகற்றும்படி அறிவுறுத்துகிறது. அதை உரிய காலத்தில் செய்விப்பது, 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டப்படி, வீட்டு உரிமையாளரின் கடமை. உறிஞ்சு லாரியின் குழாய் அந்த மூடி வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். மூடியைப் புதைத்துவிட்டால், புது ஓட்டைத் தட்டித் தட்டித் தேடி உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாசலில் இருப்பது பொதுக் கழிவுநீர்க் குழாயின் மூடி என்றால், அதைத் தொடுவதற்கு முன்பே நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும்.

நாங்கள் முதலில் செய்தது கணக்கு. மூடி மூன்று அங்குலம் உயர்ந்திருந்தது. புதிய கான்கிரீட்டும் ஓடும் சேர்ந்தால் தரை ஐந்து அங்குலம் ஏறும். அப்படியானால், துருத்தி நிற்கும் மூடி இரண்டு அங்குலப் பள்ளத்தில் கிடக்கப் போகிறது! இறக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த சட்டத்தை ஏற்ற வேண்டியதாயிற்று. நான்காம் ஆண்டு மாணவன் செய்துவிடக் கூடிய கழித்தல்தான். ஆனால் அளவுநாடாவை எடுக்காமலேயே சுத்தியலை எடுப்போர் பலர். தரை மெல்லியதாக அமைந்து, மூடி அப்போதும் உயர்ந்தே நிற்குமானால், சட்டத்தைக் கழற்றி, அடியிலுள்ள ஒரு வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டு, மீண்டும் சாந்தில் பொருத்தலாம்.

பழைய கான்கிரீட் மூடி ஆள் நடப்பதற்கு மட்டுமே ஏற்றது. கார்ச் சக்கரம் பட்டால் வெடித்துவிடும். அதனால் கார் எடையைத் தாங்கும் வார்ப்பிரும்பு மூடியைப் போட்டோம். அழகு வேண்டுவோருக்குத் தட்டுப் போல் குழிந்த மூடியும் கிடைக்கிறது. அதன்மேல் அதே ஓட்டைப் பதித்தால், மெல்லிய உலோக விளிம்பு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். சட்டத்தைச் சுற்றிக் கான்கிரீட்டை நெருக்கி ஊற்றாமல், சிறு இடைவெளி விட்டுத் தார் நிரப்பினோம். கார் ஏறும் அதிர்வு தொட்டிச் சுவருக்குப் போகாது. மழைநீர் மூடியின் பக்கம் வராமல் கால்வாயை நோக்கி ஓட, மீட்டருக்கு ஒன்றரை செண்டிமீட்டர் சரிவு வைத்தோம்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். என் தந்தையார் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் வாளிக் கழிவறைகள் இருந்தன. விடியுமுன் அவற்றைச் சுமந்துபோனவரின் குடும்பம் கடைசி லயத்தில் இருந்தது. அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களாம். ஒரே கப்பலில் வந்தவர்கள்தாம்!

மேன்ஹோல் என்பதைத் தமிழில் 'ஆளிறங்கு குழி' என்கிறார்கள். நல்ல மொழியாக்கம், படிக்கும்போது நெஞ்சு நடுங்கும் மொழியாக்கமும்கூட. அக்குழிகளில் ஹைட்ரஜன் சல்பைடு எனும் நச்சுவாயு தேங்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றதென்று இறங்கியவர் மயங்கிவிழ, காப்பாற்ற இறங்கியவரும் உயிரிழப்பது தமிழ்நாட்டுச் செய்திகளில் நாம் திரும்பத் திரும்பப் படிப்பது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டிலேயே இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. இவ்வாறு இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டிய நிலை இருந்தது என்பதையும் கவனியுங்கள். லாரியின் குழாய் தாராளமாக இறங்க வழியிருக்கும் இடத்தில் ஆள் இறங்கத் தேவையே எழாது.

புதுத் தரை போடுவோர், குத்தகையாளருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் மூடியை ஒருமுறை திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டு வேலையின்போது விளிம்பில் சிந்திய சாந்து இறுகிவிட்டால் பிறகு அசையாது. விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி, தூக்கும் துளைகளில் சிமெண்டு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு துளை அடைந்திருந்தது. அவரே ஆணியால் குத்தி எடுத்துக் கொடுத்தார்.