பயணியே சரக்கு

விறகடுப்புப் புகையிலிருந்து தப்பித்து அமெரிக்கா வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு, மேய்ன் மாநிலத்தின் ஸ்கூனர் சுற்றுலா ஒரு கேலிப்பொருள். மே இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை, ராக்லண்டிலும் கேம்டனிலும் பழைய பாய்மரக் கப்பலேறி பெனாப்ஸ்காட் விரிகுடாவில் சில நாள் சுற்றிவர ஆட்கள் பணம் கட்டுகிறார்கள். கால் நீட்டினால் சுவரில் இடிக்கும் அறை. குளிக்க அளந்துதான் தண்ணீர். போகும் இடத்தைக் காற்றுதான் தீர்மானிக்கும். காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்குவானேன் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் வசதி படைத்தவர்களின் வறுமை விளையாட்டு என்று இதை ஒதுக்குபவர்கள், பயணியைப் பார்க்கிறார்களே தவிர கப்பலின் வரவு செலவைப் பார்ப்பதில்லை.

இவற்றில் பல சுற்றுலாவுக்காகக் கட்டியவை அல்ல. லூயிஸ் ஆர். ஃப்ரெஞ்ச், ஸ்டீபன் டேபர் இரண்டும் 1871இல் கட்டப்பட்ட சரக்குக் கப்பல்கள். ரிக்கின் 1927இல் நியூ ஜெர்சியில் சிப்பி வாருவதற்கென்று கட்டியது. கருங்கல், மரம், செங்கல், சுண்ணாம்பு என்று கரையோரத்தின் பாரமெல்லாம் ஸ்கூனர்களில்தான் போயிற்று. ராக்லண்ட் சுண்ணாம்பு இருக்கிறதே, அது பொல்லாத சரக்கு. கசிவுநீர் பட்டால் கொதித்துக் கப்பலையே எரித்துவிடும்; இடுக்குகளையெல்லாம் பூசி அடைத்துக் காற்றுப் புகாமல் நெருப்பை அடக்குவது ஒன்றுதான் வழி. ரயிலும் லாரியும் அந்தப் பாரத்தைக் கொண்டுபோன பிறகு, 1936இல் ஃபிராங்க் ஸ்விஃப்ட் என்பவர் ஒரு ஸ்கூனரில் மனிதர்களை ஏற்றினார். மரக்கப்பல் ஓடாத தேர் மாதிரி. சும்மா நின்றாலே கெட்டுவிடும். மழைநீர் தேங்கித் தளம் இற்றுப்போகும், மரம் காய்ந்து பலகை விலகும். இடுக்குகளில் சணல் திணிக்கவும் பலகை மாற்றவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அந்தப் பணம்தான் பயணி. பாயேற்றும்போது பயணிகள் இரு பக்கமும் வரிசையாக நின்று கயிறு இழுப்பதும் வெறும் வேடிக்கை இல்லை. பாய் அவ்வளவு கனம், சம்பள ஆட்களோ கொஞ்சம்.

சாப்பாட்டை வைத்து எழும் ஆட்சேபம் இதைவிட வலுவானது. அந்தக் கால மாலுமி உப்பிட்ட இறைச்சியும் பீன்ஸும் தின்றான். இன்றைய பயணிக்குத் தோட்டத்துக் கீரை, தக்காளி, அன்று சுட்ட ரொட்டி, தீவுக் கரையில் கடற்பாசி போட்டு அவித்த சிங்கிறால். சரித்திரப்படி இது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமைக்கும் விதத்தில் பித்தலாட்டம் இல்லை. பல கப்பல்களில் இன்றும் வார்ப்பிரும்பு விறகடுப்புதான். சமையலாள் விடியுமுன் எழுந்து தீ மூட்ட வேண்டும். சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது, பிளந்த விறகின் பருமனும் காற்றுத் துவாரத்தின் திறப்பும்தான் கணக்கு. நெருப்பை ஒட்டிய பக்கம் முதலில் கருகும் என்பதால் ரொட்டியைப் பாதியில் திருப்பி வைக்க வேண்டும். குளிர்சாதனத்துக்குப் பதில் பனிக்கட்டிப் பெட்டி இருக்கும் இடத்தில், பக்கத்துத் தோட்டத்தில் அன்று பறித்ததை ஏற்றுவது ஆடம்பரமும் அல்ல. கைப்பக்குவம் பேர்வாங்கினால் பயணிகள் மறுவருடமும் வருகிறார்கள். பலகை மாற்றும் செலவு அப்படித்தான் தேறுகிறது.

ஓட்டம் நின்றால் கப்பல் தொழிலும் நிற்கும் என்பதற்கு நம் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் வாங்கினார். தமிழ் மாலுமிகளோடு அது 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதே குளோஸ்டரில் 1930இல் மீன்பிடிக்கக் கட்டிய அமெரிக்கன் ஈகிள், பின்னாளில் பயணிகளை ஏற்றத் தொடங்கிப் பிழைத்துக்கொண்டது. வல்வெட்டித்துறையிலோ பாய்க்கப்பல் கட்டும் தொழிலே நின்றுபோயிற்று. கைத்திறன் குறைந்து அல்ல; எல்லைக் கட்டுப்பாடுகளும் பின்னர் போரும் கடலோட்டத்தை முடக்கியதால்.

கட்டணம் எல்லோருக்கும் எட்டாது என்பது உண்மை. அந்தக் கட்டணமும் சில சமயம் போதுவதில்லை. 1900இல் டெலவேரில் கட்டிய மூன்று பாய்மர விக்டரி சைம்ஸ், மேய்னின் 25 சென்ட் நாணயத்தில் இடம்பிடித்த கப்பல், 2022 பருவத்தோடு பயணங்களை நிறுத்தியது. பழுதுபார்க்கும் செலவைத் தாங்க முடியவில்லை. பிறகு அதை வாங்கியவர்கள் நியூயார்க் உணவகக்காரர்கள். கரையில் கட்டிப்போட்டுச் சோறு போடும் கப்பலுக்குப் பாய் தைப்பவரும் கயிறு பின்னுபவரும் தேவையில்லை. அவர்களுக்குக் கூலி கொடுக்க மேய்னில் இன்று இருப்பவர், நாம் கேலி செய்யும் அந்தப் பயணிதான்.